சென்னம்மா பார்த்த கண்

ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டும்போது சென்னம்மா பேசமாட்டாள். கொம்பைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் காட்டுவாள். மயிர் பொசுங்கி, தோல் சிவந்து, காது மடல் சுருண்டு வரும்வரை எதிரில் தாசில்தாரே வந்து நின்றாலும் "குந்து" என்கிற ஒரு சொல்தான் கிடைக்கும். வாட்டி முடித்துத் தலையைப் பலகைமேல் போட்டுக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்த பிறகுதான் வாய் திறக்கும். திறந்தால் கடை கட்டும்வரை மூடாது.

புத்தூர் பஸ் நிலையத்திலிருந்து எலும்புக் கட்டுக்காரர் வீட்டுக்குப் போகிற சந்தில் பாதி தூரத்தில் அவள் கடை. கடை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. நாலு மூங்கில், மேலே ஒரு தகரம், நடுவில் பெரிய மண் அடுப்பு. கணவர் முனிகிருஷ்ணன் காலையில் ஆடு உரிப்பவர். கறி அவர் கையோடு விற்றுப்போகும். தலையும் காலும் சென்னம்மாவிடம் வந்து சேரும். எலும்பு முறிந்தவர்கள் ஆட்டுக்கால் சாறு குடித்தால் சீக்கிரம் கூடிவிடும் என்று கட்டுக்காரர் சொன்னாரோ இல்லையோ, சென்னம்மா இருபது வருஷமாகச் சொல்லிவருகிறாள். நாகலாபுரம், காளஹஸ்தி, சித்தூர், அந்தப் பக்கம் அரக்கோணம் என்று நாலா திசையிலிருந்தும் கையையும் காலையும் முறித்துக்கொண்டு வருகிறவர்கள், மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டதும் நேரே வந்து உட்காருவது அவள் அடுப்புக்கு எதிரில்தான்.

யாருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. முறிந்த இடம்தான் பெயர். "ஏ இடது முழங்கை, உப்பு போதுமா பாரு." "வலது கணுக்காலு, இன்னா நாலு நாளா காணோம்? கட்டு பிரிச்சுட்டாங்களா?" சித்தூர் கோர்ட்டில் வேலை பார்க்கிற ஒருவருக்கு இது பிடிக்காமல், தன் பெயர், தகப்பனார் பெயர், உத்தியோகம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சென்னம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "மனுசன் பேரு கணக்கில்லாம கீது சாமி. ஒடையற எலும்பு பத்துப் பன்னண்டுதான். எனக்கு இதுதான் சுளுவு. இந்தா குடி, தோள்பட்டை" என்று லோட்டாவை நீட்டினாள். அவரும் குடித்தார். பசி வந்தால் உத்தியோகம் எங்கே நிற்கிறது?

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அடுப்புக்கு எதிரில் இரண்டு வரிசை உட்கார்ந்திருக்கும். முன்னால் கட்டுப் போட்ட மனிதர்கள், அவர்கள் காலிடுக்கில் எலும்புக்குக் காத்திருக்கும் நாய்கள். இரண்டு மூன்று பூனைகளும் உண்டு. சந்தில் திரிகிற பன்றி ஒன்று எப்போதாவது எட்டிப் பார்க்கும். சென்னம்மா அடுப்புக்குப் பின்னால் இருப்பவள். தீ அவள் முகத்துக்குக் கீழே எரியும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் நாய்களின் கண்கள் பச்சையும் மஞ்சளுமாக எரிவது தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. தீயும் பார்க்கிறவளும் ஒரே பக்கம் இருந்தால்தான் தெரியும். இதையெல்லாம் எவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இருபது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டது.

ரயிலடியில் பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் ஆதிநாராயணன் அவளுடைய நித்திய வாடிக்கை. எந்த எலும்பும் முறியாமல் வருகிற ஒரே ஆள் என்பதால் அவருக்கு மட்டும் பெயர் உண்டு. பூனை பகல் வெளிச்சத்தைக் கண்ணில் சேர்த்துவைத்து ராத்திரியில் செலவழிக்கிறது என்று அவர் ஒருநாள் பெரிய மனிதத் தோரணையில் சொன்னார். சென்னம்மா சிரிக்கவில்லை. "அந்த விறகு கொட்டாயில கறுப்பு நாய் படுத்துக்கினு கீது. உள்ள இருட்டு. போயி எழுப்பிப் பாருங்க சாமி, கண்ணு எரியுதான்னு" என்றாள். அவர் போனார். நாய் உறுமியது. கண் எரியவில்லை. திரும்பி வந்தவரிடம், வாட்டாத தலை ஒன்றை எடுத்து, கண்ணைத் தோண்டி, பலகைமேல் வைத்துக் குறுக்கே வெட்டினாள். உள்ளே இருந்த பசைநீரை விரலால் வழித்து எறிந்தாள். கண்ணின் பின்சுவரில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய தோல் பளபளத்தது.

"இதான் மின்னுது. தானா மின்னாது. உள்ள பூந்த வெளிச்சத்த இது திருப்பி அனுப்புது. அரை இருட்டுல கண்ணுக்கு ரெண்டு தபா வெளிச்சம் கெடைக்குது. அதனாலதான் ஆடு நாயெல்லாம் இருட்டுல முட்டிக்காம போவுது."

"நமக்கு?" என்றார் ஆதிநாராயணன்.

"நமக்கு இல்ல. பன்னிக்கும் இல்ல. எத்தினி வருசமா பார்த்துக்கினு கீறேன், இங்க குந்தன மனுசன் ஒருத்தன் கண்ணும் எரிஞ்சதில்ல. பெரிய மனுசன் கண்ணும் எரியல, கள்ளுக் குடிச்சவன் கண்ணும் எரியல."

அன்று முதல் ஆதிநாராயணன் அவளிடம் வாதம் செய்யும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

எல்லைப் பேச்சு உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று மட்டும் முடிவாகவில்லை. சர்க்கார் ஜாபிதாவோடு ஆட்கள் கிராமம் கிராமமாக வந்து, வீட்டில் என்ன பேச்சு என்று கேட்டார்கள். பாதி வீட்டில் அம்மாவிடம் தமிழும் மாமியாரிடம் தெலுங்கும் பேசுகிறார்கள்; அவர்கள் என்ன சொல்வார்கள், பாவம். சென்னம்மாவின் அடுப்புக்கு எதிரில் இரண்டு கட்சியும் கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டன. அவளைக் கேட்டால், "ஆடு எந்தப் பக்கம் மேயுதோ அந்தப் பக்கம்" என்று முடித்துவிடுவாள்.

அந்தச் சண்டை அனுப்பிவைத்த ஆள்தான் வேதாச்சலம். நகரியில் தறி நெய்கிறவன், இருபத்தாறு வயது. ரயிலடிப் பெயர்ப்பலகையில் தமிழைப் பெரிதாக எழுதுகிறேன் என்று தார் டப்பாவோடு ஏணியில் ஏறி, போலீஸ் வருவதற்கு முன்பே தானாக விழுந்து வலது கையை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டான். கட்டுக்காரர் நாற்பது நாள் இருந்து போகச் சொன்னதால் சந்திலேயே ஓர் அறை எடுத்து, மனைவி தாட்சாயணியோடும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை யசோதாவோடும் தங்கினான். தாட்சாயணி தினமும் சாறு வாங்க வருவாள். இருபது வயது இருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாது. சாறு கொதிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாய்க் கண்களுக்கு நடுவில் இன்னொரு கண் மின்னியது. சென்னம்மா ஏதோ பூனை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் அது தாட்சாயணியின் மடியில் இருந்தது. குழந்தையின் இடது கண். பச்சை இல்லை, வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஒரு வெளிச்சம். குழந்தை தலையைத் திருப்பியது, அணைந்தது. மறுபடி திரும்பியது, மின்னியது. சென்னம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ள கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

தாட்சாயணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நீயும் பார்த்துட்டியாக்கா? எங்க தெருவுல அல்லாரும் சொல்றாங்க. அம்மன் வெளிச்சமாம். மூணு மாசமா கீது. கற்பூரம் காட்டினா அப்பிடியே பதில் சொல்லும்."

பதில் சொல்லத்தான் செய்தது. நகரியில் யாரோ ஓர் அம்மாள் திருஷ்டி கழிக்கக் கற்பூரத் தட்டை ஏந்திக் குழந்தைமுன் சுற்றியபோது முதலில் கண்டது. கற்பூரம் கையில் வைத்திருப்பவளுக்குத்தானே வெளிச்சம் திரும்பி வரும்? அவள் கண்டாள், அடுத்தவள் தட்டை வாங்கிச் சுற்றினாள், அவளும் கண்டாள். சுற்றியவர்களுக்கெல்லாம் அம்மன் காட்சி கொடுத்தாள். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு வாசலில் கூட்டம். சந்துக்கு வந்த பிறகும் விடவில்லை. எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று கட்டுப் போட்டவர்கள் வரிசையாக வந்து கற்பூரம் காட்டினார்கள். வேதாச்சலம் தூக்குக் கட்டிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பெருமை தாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். சித்திரை முடியத் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. குழந்தையைப் பட்டுப் பாவாடை கட்டி அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பதாக வேண்டுதல்.

சென்னம்மாவுக்குத் தெரிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான். மனிதக் கண்ணில் அந்தத் தோல் கிடையாது. கிடையாத இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பி வருகிறதென்றால் உள்ளே இருக்கக் கூடாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் எலும்பு வைத்துப் பெயர் சூட்டுகிறவள், ஒரு குழந்தையின் கண்ணைப் பற்றிப் பேசப் பயந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தினமும் தலை வெட்டுகிற கை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணைக் குறை சொன்னால் கண்ணு போட்டுவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இன்றைக்கும் இந்த ஒன்பது நாளை அவள் ஒளிப்பதில்லை. யாராவது அவளைப் புகழ ஆரம்பித்தால் உடனே வெட்டுவாள். "ஒம்பது நாளு பயந்துக்கினு குந்திக்கினு இருந்தவ நானு. அத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

பத்தாம் நாள் குழந்தையின் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான், சென்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் கடையில் வேறு ஆள் இல்லை. தாட்சாயணியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வாட்டாத தலை ஒன்றின் கண்ணை எடுத்து வெட்டிக் காட்டினாள்.

"பாரு. ஆட்டுக்கு இது கீது. அதனால மின்னுது. உனக்கு இல்ல, எனக்கு இல்ல, உன் ஊட்டுக்காரனுக்கு இல்ல. உன் புள்ளைக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?"

"அம்மன் குட்த்தது" என்றாள் தாட்சாயணி. 

சென்னம்மா சாம்பலும் புளியும் போட்டுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். குழந்தையிடம் ஒரு பித்தளைக் கரண்டியைக் கொடுத்தாள். குழந்தை கரண்டியைத் தரையில் தட்டி விளையாட ஆரம்பித்ததும், உள்ளங்கையால் அதன் இடது கண்ணை மூடினாள். குழந்தை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்து வலது கண்ணை மூடினாள். குழந்தை வீறிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவள் விரல்களைப் பிய்த்து எறிந்தது.

தாட்சாயணி எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னொரு தபா" என்றாள்.

"நீயே செய்யி."

அவள் செய்தாள். இடது கண்ணை மூடினாள். குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. வலது கண்ணை மூடினாள்; வீறிட்டது. மூன்றாம் தடவை அவளால் முடியவில்லை. குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணுல பார்வையே இல்லியாக்கா?"

"இல்லம்மா."

"மூணு மாசமா கற்பூரம் காட்டினு இருந்தேனே" என்றாள் தாட்சாயணி. பிறகு, "வெள்ளியில கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்திட்டா..." என்று இழுத்தாள்.

"சாத்து. வேணான்னு யாரு சொன்னா? சாத்திட்டு மெட்ராசு ரயில் ஏறு. ஆதிநாராயணன் சாரோட அம்மாவுக்கு அங்கதான் கண்ணாஸ்பத்திரியில புரை எடுத்தாங்க. அவருகிட்ட லெட்டர் வாங்கித் தரேன்."

வேதாச்சலம் சாயங்காலம் வந்தான். சந்தே கேட்கும்படி கத்தினான். தமிழுக்காகக் கையை முறித்துக்கொண்டவனுக்குக் கோபம் வந்தபோது பாதிக்குமேல் தெலுங்குதான் வந்தது. பிறகு தமிழுக்குத் திரும்பினான். "தலை வெட்டறவளுக்கு இன்னா தெரியும் தெய்வத்தப் பத்தி? உனக்குப் புள்ள இல்லன்னு என் புள்ள மேல கண்ணு வெச்சியா? ஜாத்திரைக்கு இன்னும் மூணு வாரம் கீது. அம்மன் முன்ன குந்த வெச்சிட்டுத்தான் வேற எல்லாம்."

சென்னம்மா தலை வாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கத்தி முடிக்கும்வரை திருப்பித் திருப்பி வாட்டினாள். பலகைமேல் போட்ட பிறகு நிமிர்ந்தாள். "என்னை இன்னா வேணா சொல்லு தம்பி. புள்ளயோட சோத்தாங்கண்ணை ஒரு தபா மூடிப் பாரு. அது போதும்."

அவன் மூடிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று சென்னம்மா நினைக்கிறாள். மறுநாள் அடுப்புக்கு எதிரில் கூட்டம் பாதியானது. அதற்கு மறுநாள் நாய்கள் மட்டும் வந்தன. சாற்றைச் சாக்கடையில் கொட்டும்போது முனிகிருஷ்ணன், "உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்று கேட்டார். அவள் பானையைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்ததும் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தாட்சாயணி குழந்தையோடும் ஒரு துணி மூட்டையோடும் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சில் அழுகை இல்லை. "லெட்டரக் குடுக்கா. அவரு வரட்டும், வராம போவட்டும்."

சென்னம்மா அடுப்பு மூட்டாமல் அவளோடு ரயிலடிக்குப் போனாள். இருபது வருஷத்தில் அடுப்பு எரியாத முதல் நாள். ஆதிநாராயணன் சீட்டு எடுத்துக் கொடுத்தார். பெண்கள் பெட்டியில் இடம் பார்த்து உட்கார வைத்தார். வண்டி நகரும்போது வேதாச்சலம் பிளாட்பாரத்தில் ஓடி வந்தான். தூக்குக் கட்டிய கையோடு, இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினான். சென்னம்மா பக்கம் அவன் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆதிநாராயணன் சேதி கொண்டுவந்தார். கண்ணில் கட்டி. புற்றுச் சாதி. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் மூளைக்கு ஏறிக் குழந்தையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஆதிநாராயணன் மெச்சுவதற்காகத்தான் சொன்னார். சென்னம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"எடுத்துட்டாங்களா?" என்றாள். "கண்ணையேவா?"

 அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆட்டுக் கண்ணை வெட்டச் சொன்னால் முடியாது என்றுவிடுவாள். ஒரு பெண் குழந்தையின் முகத்தைத் தன் வாய் ஒற்றைக் கண்ணாக்கிவிட்டது என்று நினைப்பு. உயிர் பிழைத்தது என்று எத்தனை பேர் சொன்னாலும், "அது டாக்டர் செஞ்சது. கண்ணு போனது என்னால" என்பாள். அந்த ஒன்பது நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் கண்ணும் பிழைத்திருக்குமோ என்கிற கேள்வியை ஆதிநாராயணனிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். அவர் டாக்டர் இல்லை, என்ன சொல்வார்? "இருக்காது சென்னம்மா" என்று பத்துத் தடவையும் சொன்னார்.

அவர்கள் வரவில்லை. நகரி ரயிலில் அரை மணிப் பயணம். அவளும் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? வேதாச்சலத்தின் கட்டை வேறு எங்கோ பிரித்தார்கள் என்று கேள்வி. சந்துக்காரர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். புதிது புதிதாக எலும்பு முறிகிறபோது பழைய கோபம் எவ்வளவு நாள் தாங்கும்? போன பங்குனியில் எல்லையும் முடிவானது. திருத்தணி மெட்ராசுக்குப் போனது, புத்தூரும் நகரியும் இங்கேயே நின்றன. அன்று சிலர் அழுதார்கள், சிலர் வெடி வெடித்தார்கள். சென்னம்மா பதினாறு தலை வாட்டினாள். ஆடு இரண்டு பக்கமும் மேய்ந்துகொண்டிருந்தது.

போன மாதம் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். அடுப்புக்கு எதிரில் இடது தொடையும் விலா எலும்பு இரண்டும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னம்மா தலை வாட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண் குழந்தையைக் கைப்பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சென்னம்மா "குந்து" என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

தாட்சாயணி. இரண்டு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. குழந்தை வளர்ந்து நெட்டையாகி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். இடது இமை மூடி உள்வாங்கியிருந்தது. வலது கண்ணால் சந்தில் இருக்கிற நாய்களையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். சந்து முனையில் வேதாச்சலம் நின்றான், உள்ளே வரவில்லை.

சென்னம்மா கையிலிருந்த தலையைத் தீயிலேயே விட்டுவிட்டாள். அவள் வாட்டிய தலை கருகியது அன்று ஒருநாள்தான்.

"எப்பிடிம்மா கீறே?" என்று கேட்க நினைத்தாள். அதற்குள் தாட்சாயணியே பேசினாள். குரல் நிதானமாக இருந்தது.

"அஞ்சு வயசு வரைக்கும் மிச்சம் கீற கண்ணைப் பார்த்துக்கினே இருக்கணும்னு டாக்டரு சொன்னாருக்கா. இந்த நோவு அடுத்த கண்ணுக்கும் வருமாம். மாசம் ஒரு தபா மெட்ராசு போறோம். நடுவுல தினமும் நான் விளக்க வெச்சுக்கினு பார்க்கறேன். இத்தினி நாளு கறுப்பா இருந்தது. போன வெள்ளிக்கெழமை மின்னின மாதிரி கீது."

சென்னம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நெஜமா மின்னிச்சா, என் பயம் மின்னிச்சான்னு தெரியலக்கா. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல. எது பார்த்தாலும் மின்னுது. தவலை மின்னுது, அவரு கண்ணு மின்னுது. நாளைக்கு மெட்ராசு போறோம். அதுக்கு முன்ன நீ ஒரு தபா பார்த்துச் சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன்."

குழந்தையை அடுப்புக்கு எதிரில் உட்கார வைத்தாள். இடது தொடைக்காரர் தானாக நகர்ந்து இடம் விட்டார். நாய்கள் இரண்டு குழந்தையின் பக்கத்தில் வந்து படுத்தன. அவற்றின் கண்கள் பச்சையாக எரிந்தன. சென்னம்மா அடுப்புக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தகப்பன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில், தீயின் இந்தப் பக்கம், குந்தியிருந்தான். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"கண்ணு, இங்க பாரு. என்னைப் பாரு" என்றாள் சென்னம்மா.

குழந்தை பார்த்தாள். சென்னம்மா குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். கண் கறுப்பாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் போல் கறுப்பு. குழந்தைக்கு இரண்டு பக்கமும் நாய்களின் கண்கள் எரிந்தன. நடுவில் அந்த ஒன்று மட்டும் எரியவில்லை.

"இன்னாக்கா?" என்றாள் தாட்சாயணி.

இந்த வெளிச்சம் போதுமா என்று சென்னம்மாவுக்குச் சந்தேகம். கையை நீட்டி இன்னொரு விறகை இழுத்து அடுப்பில் செருகினாள். ஊதாங்குழலை எடுத்து, தீ தகரம் வரைக்கும் எழும்பும்படி ஊதிவிட்டு, மறுபடி குனிந்து பார்த்தாள்.